ஓட்டத்துக்கு நாள் பார்த்தல்

நாள் பார்ப்பது நம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. வீட்டுக்கு நிலையம் எடுக்கவும், கிணறு தோண்டவும், பிள்ளைக்கு ஏடு தொடக்கவும் பஞ்சாங்கத்தைப் புரட்டிய பின்னரே அடியெடுத்து வைக்கும் சமூகம் இது. யாழ்ப்பாணத்திலே வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குவதும், புத்தாண்டு பிறக்கும் நாழிகையில் அவை தம்முள் மாறுபடுவதும், அம் மாறுபாட்டை வைத்துக்கொண்டு திண்ணைகளில் வாதம் நடப்பதும் யாவரும் அறிந்தவை. இத்துணை நுணுக்கமாக நாள் பார்க்கத் தெரிந்த நாம், இளைஞரை வீதியில் இறக்கிப் பல மைல் ஓடவிடும் மரதன் ஓட்டத்துக்கு மட்டும் நாள் பார்ப்பதில்லை என்பது விந்தையே. கழகத்தின் ஆண்டு விழா எந்தக் கிழமையில் வருகின்றதோ அந்தக் கிழமை; பிரதம விருந்தினர் எந்த நாளில் வர இசைகின்றாரோ அந்த நாள். கரவெட்டியானாலும் சரி, அதனைச் சூழ்ந்த வடமராட்சியின் பிற ஊர்களானாலும் சரி, பெரும்பாலும் இதுவே முறையாக இருந்து வருகின்றது.

மரதன் என்ற சொல்லை நாம் தாராளமாகவே வழங்குகின்றோம். உலக விதிப்படி அதன் தூரம் 42.195 கிலோமீற்றர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் ஓடப்பட்ட அத் தூரம் 1921இல் நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. நம் பாடசாலைகள் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னோடியாக நடத்தும் மரதனோ சில கிலோமீற்றர்களில் முடிந்துவிடும். கழகங்கள் நடத்துவதும் பெரும்பாலும் அத்தகையதே. பெயரைப் பற்றி வழக்காட இங்கு விருப்பமில்லை. ஐந்து கிலோமீற்றர் ஓடுபவனுக்கும் நாற்பத்திரண்டு கிலோமீற்றர் ஓடுபவனுக்கும் தலைக்குமேல் நிற்கும் சூரியன் ஒன்றுதான்.

உலகின் பெரிய ஓட்டங்கள் தத்தமக்கு ஒரு நாளைப் பட்டா எழுதி வைத்துக்கொண்டவை போல நடந்துகொள்கின்றன. அமெரிக்காவின் பொஸ்ரன் மரதன் 1897ஆம் ஆண்டு ஏப்ரல் 19இல், பதினைந்து பேருடன் தொடங்கியது. அம் மாநிலத்தார் தம் நாட்டு விடுதலைப் போரின் தொடக்கத்தை நினைவுகூரும் விடுமுறை நாள் அது. 1969 முதல் அவ் விடுமுறை ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமைக்கு மாற, ஓட்டமும் உடன் மாறியது. நியூயோர்க் நகரம் நவம்பர் முதல் ஞாயிற்றையும், பேர்லின் பெரும்பாலும் செப்ரெம்பர் கடைசி ஞாயிற்றையும் தமக்கென வைத்துள்ளன. 2004 பெப்ரவரியில் முதன்முறை நடைபெற்ற மும்பாய் மரதன் பின்னர் சனவரிக்கு முன்னகர்ந்து, அதன் மூன்றாம் ஞாயிற்றில் வேரூன்றிக்கொண்டது. சென்னையிலும் மழைக்காலம் கழிந்த சனவரியே ஓட்டத்தின் மாதம். இவ்வாறு ஒரு நாள் ஒரு நகருக்கென ஊன்றிவிட்டால், அயலிலுள்ள சிறிய ஓட்டங்கள் தாமே விலகி வழிவிடுகின்றன. யாரும் சட்டம் இயற்றவில்லை. தேர் வரும்போது வண்டி ஒதுங்குவது போன்றதொரு வழக்கம்.

அவ் வழக்கம் குலைந்தால் என்னாகும் என்பதை 2021ஆம் ஆண்டு காட்டியது. பெருந்தொற்றின் காரணமாக ஏப்ரலில் நடைபெறவேண்டிய பொஸ்ரனும் இலண்டனும் இலையுதிர் காலத்துக்குத் தள்ளப்பட்டன. செப்ரெம்பர் 26இல் பேர்லின், ஒக்டோபர் 3இல் இலண்டன், 10இல் சிக்காகோ, மறுநாளே பொஸ்ரன், நவம்பர் 7இல் நியூயோர்க் என ஆறு வாரங்களுக்குள் ஐந்து பேரோட்டங்கள் நெருக்கியடித்து நின்றன. மரதன் ஒன்றை முழு வலுவுடன் ஓடியவன் அடுத்ததை அதே வலுவுடன் ஓடப் பல வாரங்கள், சிலபோது மாதங்கள் வேண்டும். ஆகவே பெயர்பெற்ற வீரர் ஒவ்வொருவரும் ஒன்றைப் பற்றிப் பிறவற்றைக் கைவிட வேண்டியதாயிற்று. இலண்டன் தன் பழைய ஏப்ரலுக்குத் திரும்ப 2023 வரை சென்றது.

ஆனால் அருகருகே வரும் ஓட்டங்கள் எப்போதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முழு மரதனுக்கு நாலைந்து வாரம் முன்னதாக அரை மரதன் ஒன்று வருமாயின் ஓட்டக்காரர் அதனை ஆவலுடன் வரவேற்பர். தம் ஆயத்தத்தை அளந்து பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பில்லை. ஒரே தூரத்தை, ஒரே வகை ஓட்டக்காரரை நாடி, ஒரே வாரத்தில் இரண்டு ஊர்கள் அழைக்கும்போதுதான் இரண்டும் இளைக்கின்றன. அயலான் எந்த நாளில் ஓடுகின்றான் என்பதோடு எவ்வளவு ஓடுகின்றான் என்பதையும் அமைப்பாளர் கேட்டறிவது அதனால்தான்.

இன்னொன்று பலருடைய கருத்துக்கு எட்டுவதில்லை. ஓட்டத்துக்கு நாள் குறிப்பவர், அந்த ஒரு நாளை மட்டும் குறிப்பதில்லை. அதற்கு முன்னுள்ள நான்கு மாதங்களையும் சேர்த்தே குறிக்கின்றார். முழு மரதனுக்குப் பதினாறு அல்லது பதினெட்டு வாரப் பயிற்சி வேண்டும். ஏப்ரலில் பொஸ்ரனில் ஓட விரும்பும் வடபுலத்தான் பனியிலும் உறைகுளிரிலும் பயில வேண்டும். மாசியில் ஓட்டம் வைத்தால் நம் பிள்ளைகள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலே வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளிற் பயில வேண்டும். ஆவணியில் வைத்தாலோ சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் எறியும் மாதங்களிலே பயில வேண்டும். நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வழியிலுள்ள வல்லைவெளியில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒதுங்க ஒரு மரமில்லாத அவ் வெளியிலே காற்றுத்தான் நடுவர்.

காற்றையும் காலத்தையும் கணிப்பது வடமராட்சியார்க்குத் தெரியாத கலை என்று எவரும் சொல்லிவிட முடியாது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 மார்ச்சில் பாக்குநீரிணையை நீந்திக் கடந்து தமிழகக் கரையிற் கால் வைத்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்தி 51 மணி நேரத்தில் முடித்தார். வாடை ஓய்ந்து, சோளகம் எழுமுன்னர் கடல் சற்றே அடங்கிக் கிடக்கும் இடைக்காலம் ஒன்று உண்டு. கடலை நம்பி வாழும் ஊர்களில் சிறுபிள்ளையும் அதனை அறியும். நீந்துபவனுக்குப் பார்த்த பருவத்தை ஓடுபவனுக்கும் பார்க்கலாகாதா?

இனி நம் ஆண்டினை மாதம் மாதமாகப் பார்ப்போம்.

சித்திரைதான் கழகங்களுக்கு உவப்பான மாதம். புத்தாண்டு விளையாட்டு விழாவில் கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், சைக்கிளோட்டம் ஆகியவற்றோடு மரதனும் இடம்பெறும். விடுமுறை, வெளியூரிற் பணிபுரிவோரும் வீடு திரும்பியிருப்பர், கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆயினும் வானத்தை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. வடக்கு நோக்கிச் செல்லும் சூரியன் ஏப்ரல் நடுப்பகுதியிலேதான், புத்தாண்டை ஒட்டிய அந்த ஓரிரு நாட்களிலேதான், யாழ்ப்பாணக் குடாநாட்டின் நேர் உச்சிக்கு வருகின்றது. நண்பகலில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். சூரியன் மேட இராசியிற் புகுவதைப் புத்தாண்டெனக் கொண்டாடும் நாம், அவன் தலைக்கு மேல் நிற்கும் நாளை ஓட்டத்துக்கென ஒதுக்கி வைத்திருக்கின்றோம்! அதிகாலையிலேயே ஓடி முடித்தால் குறை பாதியாகும். ஆனால் கொடியேற்றம், வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் நிறைவேறிய பின்னர் விருந்தினர் கையாற் கொடி அசைக்கும்போது மணி எட்டரையோ ஒன்பதோ ஆகிவிடுவதை நாம் காணாதவர்களல்லர்.

வெப்பத்தை இலேசாக எண்ணக்கூடாது. 2007 ஒக்டோபர் 7இல் சிக்காகோவில் வழக்கத்துக்கு மாறான வெப்பத்தால் ஓட்டத்தை இடைநடுவில் நிறுத்தினர். 2019இல் டோகாவில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் மரதனை நள்ளிரவில் தொடங்கியும் 68 பேரில் 28 பேர் முடிக்காமல் விலகினர். நம் நாட்டிலே 2024 மார்ச்சில் கிழக்கு மாகாணத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அச் சாவுக்குக் காரணம் இதுவென்று தீர்ப்புக் கூறுவது இக் கட்டுரையின் வேலையன்று. எனினும் அக்காலப் பகுதியில் கடும் வெப்பம் பற்றியும், மாணவரை வெயிலில் விளையாடவிடுவது பற்றியும் கல்வி அமைச்சு எச்சரித்திருந்தது என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறந்துவிடலாகாது. ஓட்ட நாளைக் குறிக்கும் பேனா நம் கையில்தான் இருக்கின்றது.

வைகாசியும் வெயில் மாதமே. அம் மாதத்தின் நடுவே, மே 18ஐ ஒட்டிய நாட்களில், போரில் இறந்தோரை நினைந்து மக்கள் ஒன்றுகூடுகின்றனர். அவ்வாரத்தில் ஒலிபெருக்கி கட்டி விளையாட்டு விழா நடத்த எவர்க்கும் மனம் வராது. பிற்பகுதி ஆண்டில் நவம்பர் கடைசி வாரமும் அவ்வாறே விளக்கேற்றி அழும் வாரம். நாட்காட்டியில் அவை வெற்றுக் கட்டங்களாகத் தோன்றலாம். ஊரிலோ ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வீட்டின் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது.

துயர நாளுக்கும் ஓட்ட நாளுக்கும் இடையே எழும் இச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. தமிழர் பெருந்தொகையாக வாழும் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. டேர்பனுக்கும் பீற்றர்மரிற்ஸ்பேர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீற்றர் ஓடும் கொம்ரேட்ஸ் ஓட்டம், முதல் உலகப் போரில் மாண்ட வீரரின் நினைவாக 1921 மே 24இல் தொடங்கியது. அந்நாள் அன்றைய பேரரசு தினம். பின்னர் குடியரசு தினமாகிய மே 31க்கு அது மாறியது. நிறவெறி ஆட்சி ஒழிந்தபின் அவ் விடுமுறையும் ஒழிந்தது. அமைப்பாளர் 1995இல் யூன் 16ஐத் தெரிந்தெடுத்தனர். அதுவும் பொது விடுமுறைதான். ஆனால் 1976இல் சொவேற்றோவில் சுட்டுக் கொல்லப்பட்ட மாணவரின் நினைவாக அமைந்த விடுமுறை. அவ் வீர நினைவை ஓட்டத்தின் ஆரவாரம் மூடிவிடுகின்றது என்ற குரல்கள் எழுந்தன. 2007இல் ஓட்டம் அந்நாளை விட்டு அடுத்த ஞாயிற்றுக்கு விலகியது. ஓர் ஓட்டத்தின் நாட்களை மட்டும் வரிசைப்படுத்தினாலே ஒரு நாட்டின் சரித்திரம் வந்துவிடுகின்றது.

ஆடி முதல் புரட்டாசி வரை கோயில்களின் காலம். ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் நல்லூரிற் கொடியேறி, ஆவணி அமாவாசையன்று இருபத்தைந்தாம் நாள் தீர்த்தத்துடன் நிறைவுறும். அது முடியும் தறுவாயில் வடமராட்சியின் செல்வச்சந்நிதியிற் கொடியேறிப் பூரணை வரை நடைபெறும். அதன் பின்னர் வல்லிபுர ஆழ்வார் புரட்டாசிப் பூரணையில் கடல் தீர்த்தத்துக்கு எழுந்தருளுவார். இவை யாவும் திங்களின் வழி வருவன. ஆங்கில மாதத்துக்கு அடங்குவனவல்ல. நல்லூர்த் தேர் 2023இல் செப்ரெம்பர் 13. 2024இல் செப்ரெம்பர் 1. 2025இல் ஓகஸ்ட் 21. மேலைநாட்டார் போல ‘ஓகஸ்ட் கடைசி ஞாயிறு’ என ஒரு கழகம் நிலையாகக் குறித்து வைத்திருந்தால், முதலிரண்டு ஆண்டுகளில் அந்நாள் நல்லூர்த் திருவிழாவுக்குள் விழுந்திருக்கும்; மூன்றாம் ஆண்டில் நல்லூரைத் தப்பிச் சந்நிதியில் அகப்பட்டிருக்கும். வீதியிற் காவடியும் தண்ணீர்ப் பந்தலும் அடியார் கூட்டமும் நிறைந்திருக்க, ஓட்டக்காரர் எங்கே ஓடுவது? பொலிஸாரும் முதலுதவித் தொண்டரும் அம்புலன்ஸ் வண்டிகளும் அங்கே கடமையிலிருக்க, இங்கே யாரை அழைப்பது? மாசத்தையும் கிழமையையும் மட்டும் கொண்டு நாள் குறிக்கும் மேலைநாட்டு முறை இங்கு அப்படியே செல்லாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்கு உரியவை. குடாநாடு ஓர் ஆண்டிற் பெறும் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தால் க.பொ.த. உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்தினர். 2025இல் அதே காலத்தில் டித்வா புயல் நாட்டையே உலுக்கிவிட்டது. பரீட்சைக்கே நிலையான நாள் இல்லாதபோது ஓட்டம் எம்மாத்திரம்!

பரீட்சையைப் பற்றிச் சொன்னதால் ஒரு சொல். முன்னாளில் உயர்தரம் ஓகஸ்டில், சாதாரண தரம் டிசெம்பரில் என்று ஓர் ஒழுங்கு இருந்தது. பெருந்தொற்றுக்குப் பின் அவ்வொழுங்கு சிதறியது. சாதாரண தரம் 2025இல் மார்ச் 17 முதல் 26 வரை நடைபெற்றது. பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள்தாம் ஊர் மரதனின் முதுகெலும்பு. அவர்களை விட்டு ஓட்டம் நடத்துவது மாப்பிள்ளை இல்லாத கலியாணம். ஆகவே கழகச் செயலாளர் பஞ்சாங்கத்தோடு பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலையும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டிய காலமாயிற்று.

எஞ்சுவன தையும் மாசியும். தையில் வாடை குளிர்ந்து வீசும். காலையில் ஓடுவதற்கு அதைவிட இனிய காலம் வேறில்லை. ஆனால் பொங்கலன்று மாலையில் வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டம் விடும் திருவிழாவுக்கு வடமராட்சியே திரண்டுவிடும், பின்னர் தைப்பூசம், கூடவே காலபோக நெல் அறுவடை. வெட்டிய நெல்லை வீதியோரத்திற் காயவிட்டிருக்கும் விவசாயியிடம் சென்று, ‘மரதன் வருகின்றது, கூட்டி எடும்’ என்று சொல்ல எந்தக் கழகத்துக்கு உரிமையுண்டு? பாடசாலைகள் தம் இல்லப் போட்டிகளை நடத்துவதும் அப்பொழுதுதான்.

மாசியில் அறுவடை ஓய்ந்துவிடும். வெயில் இன்னும் முறுகவில்லை. சூரியன் ஏறத்தாழ ஆறரை மணிக்கே உதிப்பதால், ஐந்தே முக்காலுக்கு ஓடவிட்டால் சிறுவர் ஓட்டங்கள் வெயில் படுமுன்னரே முடிந்துவிடும். அந்த அரையிருளில் தெரு விளக்கும் தெருநாயும் பற்றிச் சிறிது கவலைப்பட வேண்டும், அவ்வளவே. இம் மாதத்திலும் சிவராத்திரியை அடுத்த காலையை விலக்க வேண்டும்; நான்கு சாமமும் கண்விழித்தவன் ஓடமாட்டான், ஓடவும் கூடாது. கச்சதீவு அந்தோனியார் திருவிழா பெரும்பாலும் இக் காலத்திலே வருவதால், கரையோரக் கத்தோலிக்க இளைஞர்க்கு அவ் வாரவிறுதி இசையாது. 1904 முதல் பேசப்பட்டு வரும் வடக்கின் பெரும்போர், யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்குமிடையிலான துடுப்பாட்டம், மார்ச்சில் நகரத்தைத் தன் வசமாக்கிக்கொள்ளும். இவற்றைக் கழித்தால் மாசியின் முற்பாதியில் ஒன்றோ, மிஞ்சினால் இரண்டோ ஞாயிறுகள் மிஞ்சும். அந்த ஞாயிற்றுக் காலையிலும் அறநெறிப் பாடசாலையும் தேவாலயப் பூசையும் தனியார் வகுப்பும் உண்டு. ஓட்டம் ஏழரைக்குள் முடிந்தால் அவற்றோடு பெரிதும் மோதாது.

நல்ல நாள் ஒன்றோ இரண்டோதான். அதற்கு உரிமை கோரக்கூடிய கழகங்களும் சனசமூக நிலையங்களுமோ ஊருக்கு ஊர் உள்ளன. நெருக்கடி இங்கேதான் தொடங்குகின்றது. கால் வலுத்த பையன்கள் எங்கும் ஒரு சிலரே. ஒரே வாரவிறுதியில் இரண்டு கழகங்கள் மரதன் வைத்தால், பரிசுப் பணத்துக்காகச் சனியன்று ஓரூரிலும் ஞாயிறன்று அடுத்த ஊரிலும் ஓடுபவர் அவர்களே. அவர்களுடைய முழங்காலை யார் எண்ணிப் பார்க்கின்றார்? ஒவ்வொரு கழகமும் தன் ஆண்டு விழா நாளை விட்டுக்கொடுப்பது மானக்குறைவெனக் கருதுகின்றது. விழாவை அந்நாளிலேயே வைத்துக்கொள்ளட்டும். பேச்சும் நாடகமும் பரிசளிப்பும் மாலையில் நடந்தால் வெயிலால் ஒன்றும் கெடாது. ஓட்டத்தை மட்டும் பிரித்தெடுத்து, அயற்கழகங்கள் நாலைந்து சேர்ந்து ஒரே காலையில், நெல்லியடியிலிருந்து தொடங்கும் ஒரே ஓட்டமாக நடத்தினால் வைத்தியர் ஒருவரும் அம்புலன்ஸ் ஒன்றும் போதும். இப்போது எங்கும் இல்லாதவை அப்போது ஓரிடத்திலாவது இருக்கும்.

அதற்கு ஒரு கூட்டம் வேண்டும். கார்த்திகை மழையில் மைதானம் குளமாகி, ஓடவும் ஆடவும் வழியின்றிச் செயலாளர் அனைவரும் வீட்டிற் கிடக்கும் வாரங்கள் அதற்குத் தோதானவை. வாசிகசாலை மேசையிலே வரும் ஆண்டின் பஞ்சாங்கம், பாடசாலைத் தவணை அட்டவணை, பரீட்சை அறிவித்தல் மூன்றையும் விரித்து வைத்தால் மாசி ஞாயிறுகளை எண்ண அரைமணி நேரம் ஆகாது. எந்தக் கழகத்தின் பெயர் துண்டுப் பிரசுரத்தில் முதலில் வருவது என்பதைத் தீர்க்கத்தான் மிகுதி மாலை வேண்டியிருக்கும்.